பனிக்கு அடியில் ஒரு குழி: லியு லியான்ரெனின் குளிர்காலத்தைத் தோண்டிப் பார்த்தேன்

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் ஒரு மலைச்சரிவில், இலையுதிர்காலத்தில் மண்ணைத் தோண்டி, மேலே கம்புகளும் மூங்கில் புல்லும் போட்டு மூடி, பனி விழும்வரை காத்திருந்து, பிப்ரவரியில் அதற்குள் ஓர் இரவு உட்கார்ந்து பார்த்தேன். வெப்பநிலை, காற்று, ஈரம், கால்களின் நிலை எல்லாவற்றையும் அளந்து குறித்துக்கொண்டேன். இந்த வேலையில் இறங்கியதற்குக் காரணம் லியு லியான்ரென் என்ற ஒரு மனிதர். அவர் இப்படிப்பட்ட குழிகளில் 13 குளிர்காலங்களைக் கழித்தார்.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் காவ்மி வட்டாரத்து விவசாயி, 1913-இல் பிறந்தவர். 1944-இல் மனைவி கர்ப்பமாக இருந்தபோது பிடித்துச் செல்லப்பட்டார். ஜப்பானில் சுரங்கங்களுக்கும் துறைமுகங்களுக்கும் ஆள் போதாமல் போனதால், சீனர்களைக் கொண்டுவருவது என்று அன்றைய ஜப்பான் பிரதமர் டோஜோவின் அமைச்சரவை 1942 நவம்பரில் முடிவெடுத்திருந்தது. போர்க்கைதிகளும், வயலிலும் தெருவிலும் பிடிபட்ட சாதாரண ஆட்களுமாக ஏறக்குறைய 39,000 பேர் 135 வேலைத்தலங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 6,830 பேர் உயிரோடு திரும்பவில்லை. லியு போய்ச் சேர்ந்த இடம் ஹொக்கைடோவின் நுமாட்டாவில் மெய்ஜி நிறுவனத்தின் சோவா நிலக்கரிச் சுரங்கம். அடியும் பசியும் தாங்காமல், 1945 ஜூலை கடைசியில் கழிப்பறைக் குழி வழியாக வெளியேறினார். இன்னும் நான்கு பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று போர் முடிந்தது. மலைக்குள் இருந்தவர்களுக்கு அது தெரியாது. மற்ற நால்வரும் பிடிபட்ட பிறகு அவர் தனியாளானார். 1958 பிப்ரவரியில் டோபெட்சு மலையில் வேட்டைக்குப் போன உள்ளூர்க்காரர் ஒருவர் கண்ணில் படும்வரை தனியாகவே இருந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவருடைய மனவலிமையில் தொடங்கி அதிலேயே முடிப்பார்கள். மனவலிமை இல்லாமல் முடியாதுதான். ஆனால் மைனஸ் 20-இல் வெறும் மனவலிமை ஒரு ராத்திரிக்குக்கூடக் காணாது. அந்தக் குழி ஏதோ ஒரு வேலையைச் சரியாகச் செய்திருக்க வேண்டும். அது என்ன வேலை என்று கையால் செய்து பார்க்காமல் எனக்கு விளங்காது.

இடம் தேடும்போதே பாதி பதில் கிடைத்துவிட்டது. ஹொக்கைடோ முழுக்க ஒரே மாதிரி குளிர் இல்லை. கிழக்கே டொகாச்சி சமவெளியில் வெயில் அதிகம், பனி குறைவு. மூடப் பனி இல்லாத மண் அங்கே ஆழமாக உறைந்து கல்லாகிவிடும். மேற்கே, ஜப்பான் கடலைப் பார்த்த பக்கம், சைபீரியாவில் இருந்து வரும் காற்று கடல் மேல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலைகளில் கொட்டுகிறது. நுமாட்டாவும் டோபெட்சுவும் இந்தப் பக்கம்தான். இங்கே டிசம்பரிலேயே பனி நிலத்தைக் கனமாக மூடிவிடும். மூடிய பிறகு அடியில் உள்ள மண் உறைவதில்லை. கோடையில் உள்ளே இறங்கிய சூடு மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டே இருக்கும். இந்த ஊர் விவசாயிகளுக்கு இது பழைய சங்கதி. வாஸ்ஸாமு என்ற ஊரில் முட்டைக்கோஸை அறுத்து வயலிலேயே விட்டு, பனி மூடவிட்டு, நடுக்குளிரில் தோண்டி எடுத்து விற்கிறார்கள். வெளியே மைனஸ் 20, 25 என்று போகும் ஊர் அது. பனிக்கு அடியில் கோஸ் உறையாமல் கிடக்கிறது.

அதாவது லியு ஒளிந்திருந்த பகுதியில் பனி அவருக்குக் கூரையாகவும் போர்வையாகவும் இருந்தது. டொகாச்சிப் பக்கம் போயிருந்தால், இதே குழி முதல் ஜனவரியிலேயே அவரைக் கொன்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

நிலம் ஒரு பெரியவருடையது. காய்கறி போடும் வயலுக்குப் பின்னால் சரிவாக ஏறும் காட்டோரம். விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டதும், இரண்டே நிபந்தனை போட்டார்: தனியாக உள்ளே இறங்கக் கூடாது, வசந்தத்தில் குழியை மூடிவிட வேண்டும். வெளியே காவலுக்கு, ஹொக்கைடோவின் பெரிய நகரமான சப்போரோவில் ஆராய்ச்சி செய்யும் நம்மூர்த் தம்பி ஒருவன் வந்தான். கரடிகள் இல்லாத இடம்தானா என்று பெரியவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம். ஹொக்கைடோவில் இருப்பது பழுப்புக் கரடி. சாதாரண விஷயம் இல்லை.

தோண்ட ஆரம்பித்தது அக்டோபர் கடைசியில். முதல் தடை, மூங்கில் புல். இங்கே காட்டுத்தரை முழுக்க இடுப்பளவு குட்டை மூங்கில்தான். மேலே பார்த்தால் புல் மாதிரி ஆடும். கீழே விரல் கனத்துக்கு வேர்த்தண்டுகள் ஒன்றோடொன்று பின்னி ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழத்துக்குப் பாய் முடைந்ததுபோல் கிடக்கும். மண்வாரியை அடித்தால் துள்ளித் திரும்புகிறது. கடைசியில் கைரம்பத்தால் சதுரம் சதுரமாக அறுத்து எடுத்தேன். அதற்குக் கீழே மண் மிருது. நல்ல ரம்பமும், வயிறார உண்ட சோறும், பிடிபடுவோம் என்ற பயமின்மையும் எனக்கு இருந்தன. மூன்றும் இல்லாத ஒருவர், அதுவும் சத்தம் கேட்கக் கூடாது என்று இரவில் தோண்டினால் எத்தனை நாள் ஆகும் என்பதை ரம்பத்தைக் கீழே வைத்தபோதெல்லாம் நினைத்தேன்.

வாசலை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. கிணறு மாதிரி மேலிருந்து நேராகத் தோண்டினால் வேலை சுலபம். ஆனால் குளிர்ந்த காற்று கனமானது; இரவில் அது சரிவில் வழிந்து பள்ளத்தைத் தேடி வந்து நிறையும். அதனால் சரிவின் பக்கவாட்டில் இருந்து நுழைந்து, கொஞ்சம் மேல்நோக்கி ஏறி, உட்காரும் திட்டு வாசலை விட இரண்டு சாண் உயரத்தில் இருக்கும்படி தோண்டினேன். உள்ளே சூடான காற்று மேலே தங்கும். குளிர்ந்தது வாசல் வழியே வழிந்து போய்விடும். கரடியும் சரிவில்தான் பக்கவாட்டாகக் குடைகிறது. ஓர் ஆள் முதுகைச் சாய்த்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார, சுருண்டு படுக்க இடம் இருந்தது. காலை முழுதாக நீட்ட முடியாது. பெரிதாகத் தோண்டியிருக்கலாமே என்று தோன்றும். இடம் பெரிதானால் உடம்புச் சூடு காணாது. தோண்டிய மண்ணும் அதிகமாகி வெளியே குவிந்து காட்டிக்கொடுக்கும்.

கூரைதான் உயிர். படிந்து இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு 300 கிலோ வரை இருக்கும். மார்ச்சில் நனைந்தால் 400-ஐத் தாண்டும். ஒரு மீட்டர் பனி என்றால் கூரையில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 300 கிலோ. என் குழிக்கு மேல் மட்டும் அரை டன் வரை வரலாம் என்று கணக்கு வந்தது. பெரியவரின் தோப்பில் களைந்து போட்டிருந்த லார்ச் மரக்கம்புகளை, என் கை மணிக்கட்டை விடத் தடிமனானவையாகப் பொறுக்கி, நெருக்கி அடுக்கினேன். கம்புகளின் இரு முனையும் குழி விளிம்பில் நிற்காமல் அதற்கு அப்பால் இரண்டு சாண் தள்ளி உறுதியான தரையில் நின்றன. விளிம்பு சரிந்தாலும் கூரை இறங்காது. அதன் மேல் மூங்கில் புல்லைக் கட்டுக்கட்டாக, ஓலை வேய்வதுபோல் கீழிருந்து மேலாக அடுக்கி, எடுத்து வைத்திருந்த வேர்ப்பாய்களை மேலே மூடினேன். ஒரு மூங்கில் கழியை மட்டும் கூரையைத் துளைத்துச் செங்குத்தாக நிறுத்தினேன். பனி ஏறினாலும் அதை உள்ளிருந்து ஆட்டி ஆட்டிக் காற்றுக்கு வழி வைத்துக்கொள்ளலாம்.

வெப்பநிலை சென்சார்களை நான்கு இடத்தில் வைத்தேன்: வெளியே நிழலில் ஒன்று, திட்டுக்கு மேல் மார்பு உயரத்தில் ஒன்று, கால் வைக்கும் இடத்தில் ஒன்று, பின்சுவர் மண்ணுக்குள் ஒரு சாண் புதைத்து ஒன்று. எல்லாம், அளவுகளைத் தானாகப் பதிந்துகொள்ளும் டேட்டா லாகரில் இணைத்து வாசலை மூங்கில் புல் கட்டால் அடைத்துவிட்டு வந்தேன்.

நவம்பரில் வெளியே பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழும் போகும்போதெல்லாம் குழியும் கூடவே ஆடியது. டிசம்பர் நடுவில் பனி இடுப்பளவு ஏறியது. அதற்குப் பிறகு லாகரில் வந்த கோடு பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. வெளிக்கோடு பள்ளத்தாக்கும் சிகரமுமாகத் துடிக்கிறது. உள்ளே இருப்பது தரையில் கிடத்திய குச்சி மாதிரி நேராகப் போகிறது. ஜனவரியில் ஓர் இரவு வெளியே மைனஸ் 16. ஆள் இல்லாத குழிக்குள் பிளஸ் 2. சுவர் மண் 4. அடுப்பு இல்லை, விளக்கு இல்லை, மனிதச் சூடும் இல்லை. மண்ணும் பனியும் மட்டும் சேர்ந்து செய்த 18 டிகிரி வித்தியாசம் அது.

புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான். அந்தக் காற்று அசைய முடியாமல் படிகங்களுக்கு நடுவே மாட்டிக்கிடப்பதால் சூடு வெளியேற வழி கிடைப்பதில்லை. அதே பனி உருகி மறுபடி உறைந்து கட்டியானால் சூட்டைப் பல மடங்கு வேகமாகக் கடத்தும். அதனால் கூரை மேல் ஏறி நடக்கவே கூடாது. மிதித்தால் காற்றும் போச்சு, காப்பும் போச்சு.

சரி, பிப்ரவரி இரவுக்கு வருகிறேன். இருட்டும் முன்பே உள்ளே போனேன். கம்பளி உள்ளாடை, அதன் மேல் இரண்டு அடுக்கு. தரையில் காய்ந்த வைக்கோல் கனமாகப் போட்டிருந்தேன். தம்பி வெளியே கூடாரத்தில், அடுப்போடு. இடுப்பில் கட்டிய கயிறு அவன் கைக்குப் போகிறது. அரை மணிக்கு ஒருமுறை இழுத்து விட்டால் நான் பதிலுக்கு இழுக்க வேண்டும். கையில் கார்பன் டை ஆக்சைடு மீட்டர். இதை யாரும் விட்டுவிடக் கூடாது. ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்குப் பதினைந்து லிட்டர் அளவுக்கு கார்பன் டை ஆக்சைடு விடுகிறான். என் குழியின் கொள்ளளவு ஒன்றரை கன மீட்டர். வாசலையும் மேல்துளையையும் நன்றாக அடைத்துவிட்டுப் பார்த்தபோது ஒரு மணி நேரம் ஆவதற்குள் மீட்டர் அதன் உச்சமான 5,000 ppm-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 5,000 பங்கை, தொட்டுவிட்டது. தலை லேசாகக் கனத்தது. மூங்கில் கழியை ஆட்டி உருவினேன். எண் கண்ணெதிரே இறங்கி, 1,800 பக்கத்தில் நின்றது. கை நுழையும் அளவு துளை ஒன்று இருந்தால் போதும். ஆனால் அது எப்போதும் திறந்திருக்க வேண்டும். பனி கொட்டும் இரவில் தூங்கிப்போனால் அடைந்துவிடும். லியுவும் இரவெல்லாம் எழுந்து எழுந்து அதைப் பார்த்திருக்க வேண்டும்.

துளையில் இன்னொரு விஷயம். விடியற்காலையில் தம்பி மேலே போய்ப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து, “அண்ணே, உங்க மூச்சு மேல பூத்துக் கிடக்கு, வந்து பாருங்க” என்றான். மூச்சின் ஈரம் துளையைச் சுற்றி இறகு இறகாக உறைந்து, ஒரு தட்டகலத்துக்கு வெள்ளை வளையமாக நின்றது. வெயில் பட்டதும் அது மட்டும் மின்னுகிறது. குளிர்காலக் கரடிக்குகையை வேடர்கள் கண்டுபிடிப்பது இந்த அடையாளத்தை வைத்துத்தான். ஒளிந்திருப்பவரை மூச்சே காட்டிக்கொடுக்கும்.

நான் இருக்கும்போது உள்ளே மார்பு உயரத்தில் 6 டிகிரி வரை ஏறியது. கால் பக்கம் 3-ஐத் தாண்டவில்லை. வெளியே அன்று மைனஸ் 13. குளிர் என்னை உலுக்கவில்லை. நடுக்கம் வந்ததே இல்லை. தொல்லை கொடுத்தது ஈரம். மூச்சில் இருந்தும் தோலில் இருந்தும் போகும் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. நள்ளிரவுக்கு முன்பே டார்ச் அடித்துப் பார்த்தால், கூரையில் தொங்கும் ஒவ்வொரு மூங்கில் இலையின் நுனியிலும் ஒரு சொட்டு. இலை கீழ்நோக்கி இருந்தால் சொட்டு தொடை மேல் விழுகிறது. இலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டால் நரம்போடு ஓடிப்போய் மண்ணில் இறங்குகிறது. கைக்கு எட்டும் இலையையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் வளைத்துவிட்டேன். அரை மணி நேர வேலை, பெரிய பலன். ஆனாலும் வைக்கோல் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. காலையில் சாக்ஸைப் பிழிய முடிந்தது.

உறைநிலைக்குச் சற்று மேலான குளிர், ஈரம், அசையாமை. இந்த மூன்றும் சேர்ந்தால் கால் கெடும். உறையாமலே கெடும். முதல் உலகப்போரில் அகழிகளில் நாள்கணக்காக நின்ற சிப்பாய்களின் கால்களைத் தின்றது இதேதான். எனக்கு ஓர் இரவுக்குப் பிறகு விரல்கள் வெளுத்துச் சுருங்கி, காலைவரை மரத்துக் கிடந்தன. காய்ந்த சாக்ஸும் சூடான தண்ணீரும் கையருகே இருந்ததால் மீண்டன. லியுவுக்கு நனைந்ததைக் காயவைக்க நெருப்பு பாதுகாப்பில்லை; புகை பல மைல் தெரியும். குளிர்காலம் முடிந்து வெளியே வரும்போது காலூன்றி நிற்க முடியாமல், தவழ்ந்து, மறுபடி நடக்கப் பழக வேண்டியிருந்தது என்று அவர் பிற்பாடு சொன்னார். விடியும்போது என் முழங்கால்கள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டன. வாசல் வரை கையால் ஊன்றித்தான் வந்தேன். இது ஓர் இரவு. அங்கே ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை. படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் கால்கள் தினமும் ஏறக்குறைய ஒரு சதவீத பலத்தை இழக்கும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். பக்கத்து மலையில் உறங்கும் கரடிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மாதக்கணக்கில் கிடந்தாலும் அதன் தசை பெரிதாகக் கரைவதில்லை. மனிதன் அந்த உடம்பில்லாமல் அந்த வாழ்க்கையை வாழ்ந்தான்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பி பத்தடி தள்ளி நின்று உரக்கக் கூப்பிட்டிருக்கிறான். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பனி சத்தத்தை அப்படியே குடித்துவிடுகிறது. ஆனால் அவன் நடந்தபோது காலடி அழுத்தம் மட்டும் மண் வழியாக முதுகில் தெரிந்தது. அந்தத் தட் தட் வந்ததும், வருவது தம்பிதான் என்று தெரிந்தும், உடம்பு தானாக ஒடுங்கியது. பிடிபட்டால் கொன்றுவிடுவார்கள் என்று நம்பும் ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கே உட்கார்ந்தபோதுதான் உணர்ந்தேன்.

சாப்பாட்டை நான் செய்து பார்க்கவில்லை. கணக்கு மட்டும் போட்டேன். வயல்களில் கிடைத்த உருளைக்கிழங்கும், கடற்கரையில் பொறுக்கிய கடற்பாசியும், காட்டு இலைகளும்தான் லியுவின் உணவு. ஒரு கிலோ உருளைக்கிழங்கில் 770 கலோரி. அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆணுக்கும் தினம் 1,500 கலோரி வேண்டும் என்று வைத்தால், நாளுக்கு இரண்டு கிலோ. ஐந்து மாதத்துக்கு 300 கிலோ. ஓர் ஆள் இரவில் திருடி, சுமந்து, ஒளித்து வைக்கக்கூடிய அளவு அது இல்லை. ஆகவே ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவர் தன் உடம்பையே தின்று கழித்திருக்கிறார். கோடையில் மறுபடி கொஞ்சம் தேற்றியிருக்கிறார். குழியின் இன்னொரு உதவி இங்கே தெரிகிறது. உருளைக்கிழங்கு மைனஸ் 1, 2-இல் உறைந்து, இளகியதும் கூழாகி அழுகும். 2 டிகிரியில் மாதக்கணக்கில் கெடாது. கூடவே ஒரு சிறு பையில் கிழங்கு வைத்திருந்தேன். மார்ச்சில் எடுத்தபோதும் கல் மாதிரி இருந்தது.

தண்ணீருக்கும் விலை உண்டு. ஒரு கிலோ பனியை அப்படியே வாயில் போட்டுத் தின்றால், அதை உருக்கி உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர 117 கலோரி செலவாகும். தினம் ஒன்றரை லிட்டர் என்றால், கால் கிலோ கிழங்குக்கு அருகில் தண்ணீருக்கே போய்விடும். ஒரு டப்பாவில் பனியை அமுக்கிச் சுவரோரம் புதைத்து வைத்தேன். மண்ணே அதை உருக்கித் தந்தது. காலையில் நான்கில் ஒரு பங்கு தண்ணீர் தேங்கியிருந்தது.

இதையெல்லாம் அளந்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அந்த மலையில் பனி அவரைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது. அவரை உள்ளே அடைத்து வைத்தது பயம். அந்தப் பயத்தை ஒரே ஒரு செய்தியால் தீர்த்திருக்கலாம். போர் முடிந்தது, ஊருக்குப் போகலாம் என்று சீன மொழியில் மலைக்கிராமங்களில் நாலு பலகை நட்டு, தப்பியவர்களைத் தேடி ஆள் அனுப்பியிருந்தால் போதும். சுரங்கத்தில் இருந்து அவர் கண்டுபிடிக்கப்பட்ட இடம் நேர்க்கோட்டில் 100 கிலோமீட்டர்கூட இல்லை. டோபெட்சுவில் இருந்து சப்போரோவுக்கு இன்று ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

கண்டுபிடிக்கப்பட்டதும் அதிகாரிகள் அவரைச் சட்டவிரோதமாக நுழைந்தவரோ என்று சந்தேகித்தார்கள். அப்போதைய பிரதமர் கிஷி நொபுசுகே. சீனர்களைக் கொண்டுவர முடிவெடுத்த 1942 அமைச்சரவையில் வணிகத் தொழில்துறை அமைச்சராக இருந்தவர் அவர். 1958 ஏப்ரலில் லியு ஊர் திரும்பினார். பிரிந்தபோது பிறக்காத மகன் வளர்ந்து நின்றான். 1996-இல் ஜப்பான் அரசின் மேல் வழக்குப் போட்டார். 2000-இல் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு ஜூலையில், போர் முடிந்த பிறகு அவரைத் தேடிக் காப்பாற்றும் கடமையில் அரசு தவறியது என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்து 2 கோடி யென் கொடுக்கச் சொன்னது. 2005-இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முதல் தீர்ப்பில் சொன்னதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். அந்தக் குழிக்குள் ஓர் இரவு இருந்த யாரும் வேறு மாதிரி நினைக்க மாட்டார்கள்.

யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால், சில விஷயங்கள். பனி குறைவான ஊரில் இந்த வடிவம் வேலை செய்யாது; அங்கே பனியைக் குவித்து, சில மணி நேரம் இறுகவிட்டு, உள்ளே குடையும் குவியல் வீடுதான் சரி. அப்போது ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான குச்சிகளை வெளியில் இருந்து குத்தி வையுங்கள். உள்ளே குடையும்போது குச்சி முனை தெரிந்தால் நிறுத்த வேண்டும். மண்குழியோ பனிவீடோ, கூரையின் உட்புறம் சொரசொரப்பில்லாமல் வளைவாக இருந்தால் சொட்டு விழாமல் வழியும். உள்ளே எந்த அடுப்பும், மெழுகுவத்தியும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மண்வாரியை வெளியே வைக்காமல் உள்ளே எடுத்துப் போங்கள். வெளியே ஆள் இல்லாமல் இறங்கவே இறங்காதீர்கள்.

மார்ச் மூன்றாம் வாரத்தில் உருகல் தொடங்கியதும் குழி வாழத் தகுதியற்றதாகிவிட்டது. சுவர்களில் நீர் கசிந்து, கால் வைக்கும் இடத்தில் கணுக்கால் அளவு தேங்கியது. கூரை தாங்கியது, நடுக்கம்பு இரண்டு மட்டும் ஒரு விரல் அளவு வளைந்திருந்தன. வாசலில் இருந்து கீழ்ச்சரிவுக்கு ஒரு சின்ன வாய்க்கால் முன்பே வெட்டியிருந்தால் தேங்கியிருக்காது. அடுத்து யாராவது தோண்டினால் அதை அக்டோபரிலேயே வெட்டிவிடுங்கள். மே மாதம் பனி முழுதும் போனதும், கம்புகளை உருவிப் பெரியவரின் விறகுக் கொட்டகையில் அடுக்கிவிட்டு, மண்ணைத் திருப்பித் தள்ளி, வேர்ப்பாய்களை மேலே பரப்பி மிதித்துவிட்டோம்.